பொம்மைக்கு வைத்த பெயர்

அங்கே உட்காராதீர்கள் அக்கா, அந்தப் பெஞ்சுக்குக் கால் ஆடும். இப்படிச் சுவரோரமாக வாருங்கள். தையல் போட்ட உடம்பு, சாய்ந்துகொள்ள ஏதாவது வேண்டும். செருப்பை வெளியே விட்டுவிட்டீர்களா? சரி. யாரும் எடுக்க மாட்டார்கள். குழந்தைகள் வார்டு வாசலில் செருப்புத் திருடுகிற அளவுக்குத் துணிந்தவன் இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

உங்கள் பிள்ளையை உள்ளே கொண்டுபோனதைப் பார்த்தேன். பையனா? ம். மஞ்சளா, மூச்சா? மூச்சா... அழுங்கள், அழுங்கள். இங்கே ஏன் அழுகிறாய் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். ஒரு காது மட்டும் கதவுப் பக்கம் இருக்கட்டும். நர்ஸ் வந்து கூப்பிடுவார். பிள்ளைகளுக்கு இங்கே பெயர் கிடையாது, அம்மா பெயரோடு பேபி என்று சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் பெயர் என்ன? இசக்கியம்மாளா? அப்படியென்றால் உங்கள் மகன் ‘இசக்கியம்மாள் பேபி’. பால் நேரத்தில் கூப்பிட்டால் பால் புகட்டுகிற பாலாடையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். பால் நேரம் இல்லாத நேரத்தில் கூப்பிட்டால்... அதை அப்புறம் சொல்கிறேன்.

நான் ஜெனோவா. இந்த வராந்தாவில் இப்போது நான்தான் சீனியர். கான்வென்ட்டில் படித்த காலமெல்லாம் ஒரு நாள்கூட என்னைக் கிளாஸ் லீடர் ஆக்கவில்லை. இங்கே ஆகிவிட்டேன். எந்தக் குழாயில் வெந்நீர் வரும், எந்த வாட்ச்மேன் சிடுசிடுப்பான், எந்த டாக்டர் “சொல்ல முடியாதும்மா” என்று சொல்லும்போது நிஜமாகவே சொல்ல முடியாது, எல்லாம் எனக்குத் தெரியும்.

இதுவா? தொப்பி. சும்மா பின்னுகிறேன். கை சும்மா இருந்தால் புத்தி எங்கெங்கோ போகிறது. விடுங்கள், அதில் பார்க்க ஒன்றுமில்லை.

என் மகள் ஏழாம் மாதமே வந்துவிட்டாள். கையில் ஏந்தினால் ஒரு சர்க்கரைப் பாக்கெட் கனம்கூட இல்லை. முதல் தடவை காட்டியபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? பெற்றவள் சொல்கிற பேச்சா இது? “இதுக்கு மேல துணியைச் சுத்தித் தாங்க, எனக்குப் பயமா இருக்கு” என்றேன். பிள்ளையைப் பார்த்துப் பயந்த அம்மா நான்.

அப்புறம் ஜெபம். அக்கா, நீங்கள் திருநீறு பூசியிருக்கிறீர்கள், உங்களுக்கும் நேர்ச்சை தெரியும். ஆனால் என்னைப் போல ஒருத்தி நேர்ந்திருக்க மாட்டாள். வேளாங்கண்ணி மாதாவுக்கு என் முடி. அது போதாது என்று தோன்றியது, வீட்டுக்காரர் முடியையும் சேர்த்தேன். கிளாட்வினுக்கு முன்பக்கம் எப்போதோ காலி, பின்னால் இருப்பதும் விசுவாசத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாதாவை ஏமாற்றப் பார்த்தேன். உவரி அந்தோணியாருக்கு நடந்தே வருகிறேன் என்றேன். பஸ் ஏறினாலே கால் வீங்குகிறவள் நான். கடைசியில் எங்கள் பங்குக் கோயிலில் அசனம் போடுகிறேன் என்று நேர்ந்தேன். அசனம் என்றால் ஊருக்கே சோறு. கிளாட்வின் ஐஸ் பிளான்ட் லாரி ஓட்டுகிறார். ஊருக்குச் சோறு போட வேண்டுமானால் லாரியை விற்க வேண்டும், லாரியோ முதலாளியுடையது. இது எதுவுமே கிளாட்வினுக்குத் தெரியாது. மனுஷன் எங்கேயோ மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தார், இங்கே நான் அவரை மொட்டையும் அடித்துக் கடனாளியும் ஆக்கிக்கொண்டிருந்தேன்.

மேலேயிருந்து பதில் இல்லை. எடை மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பால் பையில் அந்தோணியார் படம் ஒன்று வைத்திருந்தேன், அதைக் கவிழ்த்து வைத்தேன். பேச மாட்டேன் என்று சின்னப் பிள்ளைகள் ‘டூ’ விடுமே, அந்த மாதிரி. ஆனால் பையை விட்டு வெளியே எடுத்துப் போடவில்லை. தைரியமில்லை. பாவம் அந்தோணியார், நான் பிழிந்தெடுத்த பாலின் ஈரத்தில் முகம் குப்புறக் கிடந்தார்.

அதற்குப் பிறகு கோபமும் இல்லை. அதுதான் அக்கா, அதைத்தான் சொல்ல வராது. பசி இல்லை, அழுகை இல்லை. சுவரில் பல்லி போனால் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பல்லி போன பிறகும் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு மத்தியானம் எழுந்து நடந்தேன். கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டுக்கே போய் முன்னால் நின்ற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். எந்த ஊர் பஸ் என்றுகூடப் பார்க்கவில்லை. கண்டக்டர் வந்து என் காலைப் பார்த்தார். செருப்பு இல்லை. இந்த வாசலிலேயே கிடந்தது.

“எங்கம்மா போணும்?”

“கடைசி எங்க நிக்கும்?”

“டெப்போல.”

டெப்போவுக்கு ஓடிப்போகிறவளை யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அதற்குள் பின் சீட்டில் யாருடைய பிள்ளையோ வீரிட்டு அழுதது. என் ஜாக்கெட் நனைந்துவிட்டது. என் மகளுக்குப் பிழிந்தால் ஒரு பாலாடைகூட நிறையாது. ஊரார் பிள்ளை அழுதால் ஊற்றுகிறது! வெட்கத்தில் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கி, இங்கே வந்துதான் உட்கார்ந்தேன். ஓடிப்போகக்கூட லாயக்கில்லை என்று தெரிந்துபோயிற்று.

என் மாமியாரைச் சொல்ல வேண்டும். செபஸ்தியம்மாள். அதோ, தூணுக்குப் பக்கத்தில் ஜெபமாலையோடு தூங்குகிறாரே, அவர்தான். வாய் மட்டும் அசைகிறது பாருங்கள். மங்களவார்த்தை ஜெபம் இல்லை, என்னைத் திட்டுகிறார். தூக்கத்திலும் திட்டுவார். முதல் நாளிலிருந்து ஒரே பாட்டுத்தான்.

“ஏட்டி ஜெனோவா, பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்துரு. எதுவும் ஆகிறதுக்கு முன்ன குடுத்துரு.”

“எதுவும் ஆகாது மாமி.”

“ஆகக்கூடாதுன்னுதான் நானும் கேக்கேன். ஆனா வெறும் பிள்ளையா போயிரக் கூடாதுல்லா?”

உங்களுக்கு இது புரியாது, சொல்கிறேன். எங்களில் பிள்ளைக்குத் தலையில் தண்ணீர் ஊற்றிப் பெயர் சொல்லித்தான் சபையில் சேர்ப்பார்கள். கோயிலில் சாமியார் செய்வார். ஆனால் பிள்ளை பிழைக்குமோ என்னவோ என்கிற நேரத்தில் சாமியாருக்காகக் காத்திருக்க வேண்டாம், பக்கத்தில் இருக்கிறவர் யாராக இருந்தாலும் செய்யலாம். தண்ணீர், பெயர், ஒரு வாக்கியம். அவ்வளவுதான். மாமியாருக்கே வாக்கியம் தெரியும். ஆனால் “பெத்தவ நீ இருக்கும்போது நான் ஊத்தினா நாளைக்குப் பேச்சு வரும்” என்று நின்றுவிட்டார்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள். கான்வென்ட்டில் எங்களுக்கு இதற்கென்றே வகுப்பு நடந்தது. சிஸ்டர் ஆஞ்சலா எடுத்தார். யாரோ வெளிநாட்டிலிருந்து அனுப்பிய ரப்பர் பொம்மை ஒன்று அலமாரியில் இருக்கும். ஒரு கண் திறக்கும், மற்றது திறக்காது. பொம்மையின் பெயர் ரொசாலி. யார் வைத்ததோ, எங்களுக்கு முந்திய முந்திய பிள்ளைகள். வரிசையாக நிற்க வேண்டும், பொம்மையை இடது கையில் ஏந்தி, தம்ளர் தண்ணீரை மூன்று தடவை ஊற்றி, வாக்கியத்தைத் தப்பில்லாமல் சொல்ல வேண்டும். உலகத்திலேயே அதிகத் தடவை திருமுழுக்கு வாங்கியது அந்தப் பொம்மையாகத்தான் இருக்கும். நான் மூச்சு விடாமல் சொல்லி முதல் பரிசு வாங்கினேன், ஒரு சோப்பு டப்பா. சிஸ்டர் சொன்னார், “ஜெனோவா, நீ சொல்ற வேகத்துல பிள்ளைக்கு எது தண்ணி, எது பேருன்னே தெரியாது.”

அப்படிப் பரிசு வாங்கியவள்தான் மாட்டேன் என்று நின்றேன்.

ஏன் தெரியுமா? அதே மறைக்கல்வி வகுப்பில் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார்கள். கடவுள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாராம். ஆறுதலுக்குச் சொன்னது. நான் அதைப் பயத்துக்கு எடுத்துக்கொண்டேன். பெயர் இருந்தால்தானே கூப்பிட முடியும்? அட்டெண்டன்ஸில் பெயர் ஏறாத புதுப் பிள்ளையை டீச்சர் கேள்வி கேட்க மாட்டாரே, அந்த மாதிரி. உள்ளே ‘ஜெனோவா பேபி’ என்று எழுதியிருக்கும்வரை என் மகளை அவர் தேடிக்கொண்டே இருக்கட்டும் என்று நினைத்தேன். கூப்பிட்டால் நான்தான் திரும்பிப் பார்ப்பேன், அவள் இல்லை. சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள். வானத்தையும் பூமியையும் படைத்தவரிடம் பிள்ளையை ஒளித்து வைத்தேன், அதுவும் கண்ணாடிப் பெட்டிக்குள்.

மாமியார் ஒரு பெயரை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவருடைய அம்மா பெயர், கத்தரீனாள். கிளாட்வின் போனில் ஏதேதோ நாகரிகமான பெயர்களாகச் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. உள்ளே போய் நிற்கும்போதும் பிள்ளையை ஒன்றும் சொல்லிக் கூப்பிட மாட்டேன். மற்ற அம்மாக்கள் “ராசா, தங்கம்” என்பார்கள். நான் வாயை இறுக்கிக்கொண்டு நிற்பேன். வாய் தவறி ஏதாவது வந்து, அதையே பெயர் என்று கடவுள் எடுத்துக்கொண்டால்?

இப்படியே போயிற்று. ஒரு நாள் காலையில் பால் நேரம் இல்லாத நேரத்தில் கதவு திறந்தது.

“ஜெனோவா பேபி!”

முத்துச்செல்வி நர்ஸ். நல்ல மனுஷி, எப்போதும் கத்திக் கூப்பிடுவார். அன்றைக்கு மெதுவாகக் கூப்பிட்டார். அந்த மெதுவே போதும், எழுந்து ஓடினேன்.

உள்ளே அந்தச் சின்ன டாக்டர், மீசை இன்னும் சரியாக முளைக்காதவர், என் மகளின் பாதத்தைச் சுண்டிக்கொண்டிருந்தார். அவள் நீலமாகக் கிடந்தாள். மூச்சு நின்று நின்று வருகிறது என்றார்கள், பிறகு வரவே இல்லை என்றார்கள். ரப்பர் பை ஒன்றை மூக்கின் மேல் வைத்து அமுக்கினார். வெளியே மாமியார் வாட்ச்மேனைத் தள்ளிவிட்டுக் கதவில் முகத்தை வைத்துக்கொண்டு அலறுகிறார்.

“தண்ணிய ஊத்துட்டீ! பாவி, ஊத்துட்டீ!”

முத்துச்செல்வி நர்ஸ் என்னைப் பார்த்தார். “உங்க ஆட்கள் செய்வாங்களே, அதுவா?”

நான் தலையாட்டினேன். மாட்டேன் என்றுதான் ஆட்டினேன். அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார். ஊசி மருந்து கலக்குகிற தண்ணீர் இருக்குமே, சின்ன பிளாஸ்டிக் குப்பி, அதன் மூக்கைத் திருகி என் கையில் வைத்தார். கையின் சூட்டில் கொஞ்ச நேரம் பிடிக்கச் சொன்னார்.

“சொட்டு சொட்டா விடுங்க. ஜாஸ்தி ஊத்தினா குளிர்ந்துரும்.”

அவர் கழுத்தில் முருகன் டாலர். கடைசியில் என் மகளின் திருமுழுக்குக்குத் தண்ணீர் சூடாக்கச் சொன்னவர் அவர்தான்.

முதல் பரிசு வாங்கியவள், அக்கா. சோப்பு டப்பா. வாக்கியம் வந்தது, அது வாயிலேயே ஊறியது. ஆனால் வாக்கியத்துக்கு முன்னால் பெயர் சொல்ல வேண்டுமே! பெயர் இல்லை. கத்தரீனாள் ஞாபகம் வரவில்லை. கிளாட்வின் சொன்னவை ஒன்றும் வரவில்லை. என் பெயரே அந்த நேரத்தில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. டாக்டர் பையை அமுக்குகிறார், முதல் சொட்டு விழுந்துவிட்டது, வாய் தானாகப் பழகிய வழியில் போய்விட்டது.

“ரொசாலி, தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்.”

நீங்கள் இப்போது எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது. இல்லை அக்கா, பிள்ளை அழவில்லை. வெளிச்சம் வரவில்லை. டாக்டர் அமுக்கிக்கொண்டேதான் இருந்தார். பிறகு மெஷினில் போட்டார்கள். “சொல்ல முடியாதும்மா” என்றார், அது நிஜமான சொல்ல முடியாது.

ஆனால் எனக்கு ஒன்று நடந்தது. பெயரைத்தான் சொல்லியாயிற்றே, இனிமேல் ஒளிக்க என்ன இருக்கிறது? ஆண்டவருக்குக் கேட்டுவிட்டது. அதற்கு மேல் மெதுவாகப் பேசி என்ன லாபம்? நான் அந்தப் பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கூப்பிட ஆரம்பித்தேன். “ரொசாலி. ஏட்டி ரொசாலி. மூச்சு விடு. அம்மா நிக்கேன்ல, விடு.” பக்கத்துப் பெட்டிக்கு வந்த அம்மாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பிறந்த பிறகு நான் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அவளிடம் பேசினேனா, அவரிடம் பேசினேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவரும் பக்கத்தில் நின்றுகொண்டு அதே பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. தன் பக்கம் வா என்று இல்லை. என் கூடச் சேர்ந்து. பேய் பிடித்தவள் மாதிரி பேசுகிறேன், இல்லையா? அன்றைக்குக் காலையில் சாப்பிடவும் இல்லை. அதனாலும் இருக்கலாம்.

வெளியே வந்ததும் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நல்லபடியாக அழுதுவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

“கத்தரீனாள்னுதானே சொன்ன?”

“ரொசாலி.”

“யாரு?”

“ரொசாலி மாமி.”

“ரொசாலியா? எங்க சைடுலயும் இல்ல, உங்க சைடுலயும் இல்ல. எந்தச் சீமைக்காரி அவ?”

கிளாட்வினிடம் போனில் சொன்னேன். லாரி சத்தத்துக்கு நடுவே கேட்டார். “ரொசாலி யாரு?”

“ஒரு பொம்மை.”

லாரியை நிறுத்தினார். பிறகு, “நல்ல பொம்மையா?” என்றார். அப்போதுதான் நான் அழுதேன். வந்த நாளிலிருந்து வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. நல்ல பொம்மைதான், ஒரு கண்தான் திறக்காது என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.

மாமியார் விடுவாரா? பங்குச்சாமியாரையே வரவழைத்துவிட்டார். “சாமி, இவ பொம்மை பேரைச் சொல்லி ஊத்திட்டா. நீங்க திருப்பி ஒரு தடவை கத்தரீனாள்னு ஊத்துங்க.”

சாமியார் உள்ளே போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தார். “அது ஒரு தடவைதான்மா. ஊத்தினது ஊத்தினதுதான். இவ பள்ளிக்கூடத்துல பொம்மைக்கு ஊத்துனாளே, அது ஒண்ணுகூடச் செல்லாது. இது செல்லும்.”

“பேரையாவது மாத்தலாமா?”

“ஆண்டவர்ட்ட சொல்லியாச்சே. இப்ப மாத்தினா அவரு யாரைன்னு தேடுவாரு?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நான் இத்தனை நாள் தேடட்டும் என்றுதானே விட்டேன்?

இப்போதா? மெஷினை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறாள், அடிக்கடி மறந்துபோகிறாள். மறந்தால் பாதத்தைத் தட்டி ஞாபகப்படுத்த வேண்டும். எடை ஏறுகிறது, ஒரு நாள் ஏறினால் மறுநாள் இறங்குகிறது. டாக்டர் இன்னும் சொல்ல முடியாதும்மாதான். நீங்கள் என்னைப் பார்த்து, இவள் விசுவாசி, இவளுக்கு என்ன என்று நினைத்துவிடாதீர்கள். நம்பிக்கை எல்லாம் எனக்கு வராது அக்கா. அது சிஸ்டர்களுக்கு வரும், மாமியாருக்கு வரும். எனக்கு இப்போதும் பயம்தான். போய் நிற்கிறேன், பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன், வருகிறேன். அந்தோணியார் படத்தைக்கூட நிமிர்த்தித்தான் வைத்தேன், ஜெபம் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டு ஸாரி சொன்னேன். அவ்வளவுதான்.

என் கவலை எல்லாம் வேறே. சிஸ்டர் ஆஞ்சலா இன்னும் அதே கான்வென்ட்டில்தான் இருக்கிறார். அந்தப் பொம்மையும் அதே அலமாரியில்தான் இருக்குமாம், விசாரித்தேன். நாளைக்கு இவளை அங்கே எல்.கே.ஜி. சேர்க்கும்போது, மற்றப் பிள்ளைகள் பொம்மையைப் பார்த்துவிட்டு இவளைக் கேலி செய்யாதா? ஒற்றைக்கண் ரொசாலி என்று கூப்பிட்டால் பிள்ளை மனசு என்ன பாடுபடும்? அட்மிஷனுக்கு முன்னாலேயே போய்ப் பொம்மையை ஒளித்து வைக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பொம்மைக்கு வேறு பெயர் வைக்கச் சொல்ல வேண்டும், கத்தரீனாள் என்று வைக்கட்டும், மாமியாருக்கும் திருப்தி. ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் என்ன சொல்லிவிட்டேன்?

உங்கள் மகனுக்கு என்ன பெயர் யோசித்தீர்கள்? வைக்கவில்லையா? உங்கள் வழக்கம் எப்போதோ அப்போது வையுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே விட்டால் வாயை மூடிக்கொண்டு நிற்காதீர்கள். ஏதாவது சொல்லிக் கூப்பிடுங்கள். என்னிடம் பெயர் கேட்காதீர்கள், எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், அதையும் செலவழித்துவிட்டேன்.

“ரொசாலி அம்மா! பாலாடையோட வாங்க!”

கேட்டீர்களா? முத்துச்செல்வி நர்ஸ். ஜெனோவா பேபி என்றுதான் எழுதியிருக்கிறது, இவர் மட்டும் இப்படிக் கூப்பிடுகிறார். பால் நேரம்தான், பயமில்லை, சத்தமாகக் கூப்பிட்டார் பாருங்கள்.

இந்தத் தொப்பியைக் கொஞ்சம் பிடியுங்கள், ஊசி உருவிக்கொள்ளாமல். என்ன விரித்துப் பார்க்கிறீர்கள்? பெரிதா? உங்கள் முட்டிக்கே மாட்டலாம் போல இருக்கிறதா? இரண்டு வயதுப் பிள்ளைத் தலைக்குத்தான் சரியாக இருக்குமா? ஐயோ, எனக்கு அளவே வராது அக்கா, சிஸ்டர் அப்போதே தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே இருக்கிறவள் தலை எலுமிச்சம்பழம் அளவு, நான் பின்னி வைத்திருப்பதைப் பாருங்கள்.

பிரிக்கவா? இல்லை, இல்லை, பிரித்துவிடாதீர்கள். ஓரத்தில் இன்னும் ஒரு சுற்றுப் பாக்கி இருக்கிறது. வந்து போடுகிறேன்.